வயிறு நிறைந்தால் போதுமா?

(கல்விக் கழக வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)



கல்விக்கு எடுக்கும் விழாவில் ஒரு மருத்துவன் சோற்றைப் பற்றிப் பேச வருவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்திற்கு விடையாக, நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறித் தொடங்குகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நம் மக்கள் வாழும் ஒரு குடியிருப்பில் நடந்த மருத்துவ முகாமுக்குச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனை ஒரு தாய் அழைத்து வந்தார். "ஐயா, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இவன் கழுத்தில் இருக்கும் அழுக்குத்தான் போகவே மாட்டேன் என்கிறது. தேங்காய் நாரால் தேய்த்தேன், பீர்க்கங்கூட்டால் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் 'குளித்துவிட்டு வா' என்று வெளியே நிறுத்திவிட்டார்களாம்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. அப்பிள்ளையின் பிடரியைப் பார்த்தேன். தோல் கறுத்துத் தடித்திருந்தது. தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் புண்ணாகியும் இருந்தது. "சேரிப் பையன் வேறு எப்படி இருப்பான்?" என்று உடன் படிப்பவர்கள் சிரித்ததை அவன் தலைகுனிந்தவாறே எனக்குச் சொன்னான்.

தோழர்களே, அது அழுக்கன்று. அது அவன் உடல் வெளியிட்ட ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை ஆசிரியரும் படிக்கவில்லை, தாயும் படிக்கவில்லை. நம்மை நோக்கி எத்தனையோ தலைமுறைகளாக வீசப்பட்டு வந்த 'அழுக்கு' என்னும் சொல்லே அங்கும் முந்திக்கொண்டது.

அந்த எச்சரிக்கையின் பொருள் என்ன? நாம் உண்ணும் மாவுப் பொருளும் சர்க்கரையும் செரித்துக் குருதியில் கலக்கின்றன. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்தி வலிமையாக்குகிறது. ஓடியாடும் வேலை குறைந்து, மாவும் இனிப்பும் மிகுந்து, வயிற்றுப் பகுதியிலும் கல்லீரலிலும் கொழுப்புப் படியத் தொடங்கினால், தசைகளும் கல்லீரலும் இன்சுலினின் ஏவலுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்ட முயல்கிறது. அவ்வாறு மிகுந்த இன்சுலின் தோலின் நுண்ணறைகளைத் தூண்டிவிடுவதால் கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடிக்கின்றன. கழுத்துக் கறுத்த பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அத்தகைய பிள்ளையை நாரால் தேய்ப்பதை விட்டுக் குருதிச் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று சொல்கிறேன். அச்சிறுவனின் குருதியில் சர்க்கரை, நீரிழிவின் வாயிலுக்கு வந்து நின்றது.

"அவன் குண்டான பையனா?" என்று கேட்பீர்கள். இல்லை. கையும் காலும் மெலிந்தவன். வயிறு மட்டும் சற்றே முன்தள்ளியிருந்தது. இடையை நூலால் அளந்தேன். உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தது. இந்த அளவை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையின் உயரத்திற்கு ஒரு கயிற்றை வெட்டி, அதை இரண்டாக மடித்து இடையைச் சுற்றுங்கள். முனைகள் எட்டவில்லை என்றால் கவனம் வேண்டும்.

மெலிந்த உடலில் இந்நோய் எவ்வாறு நுழைகிறது? இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் புனே நகர மருத்துவ அறிஞர் யாஜ்னிக். அந்நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். அக்குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளின் எடையோ ஏறத்தாழ 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு. ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய் வயிற்றில் உணவு குறைந்தபோது கருவானது தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்துக்கொண்டது. 1944-45 குளிர்காலத்தில், போரின் முற்றுகையால் ஆலந்து நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அந்நாளில் கருவில் இருந்தவர்களைப் பிற்காலத்தில் சோதித்தபோது, குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது தெரிய வந்தது.

சில மாதப் பட்டினியே ஓர் உடலில் இத்தகைய தழும்பை விட்டுச் செல்லுமானால், தலைமுறை தலைமுறையாகக் கூலி நெல்லுக்கும் கஞ்சிக்கும் கையேந்த வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? பற்றாக்குறைக்குப் பழகிய உடலில் இன்று மலிவான சர்க்கரையும், தீட்டிய அரிசியும், பொரித்த பொட்டலங்களும் வந்து குவிகின்றன. ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இரட்டை இடர் நேர்கிறது. ஒரே வீட்டில் குருதிச் சோகையும் நீரிழிவும் குடியிருக்கின்றன. 2016 முதல் 2018 வரை இந்திய அரசு நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளிப் பருவத்தினரிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் நீரிழிவின் முன்னிலையில் இருந்தனர். அதே கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரில் நான்கில் ஒருவர் மெலிந்தும் இருந்தனர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. இது செல்வர்களின் நோய் என்னும் பழைய பேச்சை இனி நாம் மறக்க வேண்டும்.

அன்பர்களே, கல்விக்கும் சோற்றுக்கும் உள்ள உறவைத் தமிழ்நாடு நெடுநாளாக அறியும். 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கப்பட்டது. காமராசர் 1956-இல் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். பின்னர் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. இவை இல்லாதிருந்தால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிப் படியை மிதித்திருப்பர்? நானும் சத்துணவுத் தட்டேந்திப் படித்தவனே.

ஆயினும் அந்தத் தட்டிலும் சாதி வந்து அமர்ந்ததை நாம் மறப்பதற்கில்லை. சமையலர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டுமென 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குப் பின்னும், 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், நம் சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாதென ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். முட்டையும் பருப்பும் காயும் கூடிய ஓர் உணவைச் சாதியின் பேரால் மறுக்கும் பெற்றோர், தம் பிள்ளையின் தட்டையும் சேர்த்தே கவிழ்க்கின்றனர்.

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுக்கு வருகிறேன். எழுபதுகளில், என் சிறு வயதில், அம்மா நடவு முடிந்து வரும்போது மடியில் வயல் நண்டு இருக்கும். வரப்பில் பறித்த கீரை இருக்கும். வாய்க்கால் வற்றினால் கெண்டையும் குரவையும் கிடைக்கும். கேழ்வரகுக் கூழும் கருவாடும் காலை உணவு. வாரத்தில் ஒரு நாள் மாட்டுக் கறி. பட்டினி கிடந்த நாள்களும் உண்டு. அந்த வறுமைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. ஆனால், கிடைத்த நாளில் கிடைத்தது நல்லுணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. மாட்டுக் கறியும் ஈரலும் உடல் எளிதில் ஏற்கும் இரும்பையும் புரதத்தையும் தருவன. இவற்றையெல்லாம் இழிவென்று சொன்னவர்கள் சொன்னார்கள். நாமும் அதை நம்பினோம் அல்லவா? கூழைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோக நம் பிள்ளை கூசுகிறான். பளபளக்கும் பொட்டலத்தைப் பிரித்தால் வகுப்பில் மதிப்பு என்று எண்ணுகிறான். நண்டும் நத்தையும் பூச்சிமருந்தால் அருகின. கூழும் கீரையும் கூச்சத்தால் அருகின.

நான் சொன்ன அச்சிறுவன் காலையில் உண்டது தேநீரும் வறுக்கியும். நண்பகலில் பள்ளிச் சாப்பாடு. மாலையில் அப்பா அன்போடு தந்த பத்து ரூபாய்க்கு ஒரு வறுவல் பொட்டலமும் ஒரு வண்ணப் பானமும். இரவில் சோறும் இரசமும். நாள் முழுவதிலும் பருப்பும் காயும் பள்ளித் தட்டில் மட்டுமே இருந்தன. அந்தத் தந்தையை நான் குறை கூறமாட்டேன். தமக்கு மறுக்கப்பட்ட இனிப்பை மகனுக்கு வாங்கித் தருவது அன்றி அவர் செய்த பிழை யாது? பிழை, அன்பையே விலைக்கு விற்கும் வணிகத்தில் இருக்கிறது. 300 மில்லி லிட்டர் கோலா பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிப்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நன்று. ஒரு புட்டியிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது.

1927-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தானே திறக்கவும் உரிமையின்றி நின்ற சிறுவன், வளர்ந்து தம் மக்களுக்காக வென்றெடுத்த நீர் அது. அந்த நீர் இன்று நம் பள்ளிக் குடத்தில் இருக்க, நம் பிள்ளை அதை விட்டுச் சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறான். அண்ணலும் நீரிழிவால் துன்புற்றவரே. 1948 முதல் அந்நோய் அவரை வாட்டியது; பார்வையும் மங்கியது. 1956 டிசம்பர் 6 அன்று, 65 வயதில், அவரை இழந்தோம். இன்னும் பத்தாண்டு அவர் நலமுடன் வாழ்ந்திருந்தால் என்று ஏங்காதவர் இந்த அவையில் உண்டா? படித்து முன்னேறும் ஒவ்வொரு பிள்ளையும் இச்சமுதாயத்தின் முதலீடு. நாற்பது வயதில் சிறுநீரகத்தையும் கண்ணையும் இழக்கும் பட்டதாரிகளை உருவாக்கவா நாம் விடுதி நடத்துகிறோம்?

ஆகவே, கழகத்தின் முன்னும் இளைஞர்களின் முன்னும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் கழக விடுதியின் தட்டில் சோறு பாதிக்கு மேல் இருத்தலாகாது. மறு பாதியில் காயும் கீரையும், முட்டை, பருப்பு, மீன், கறி ஆகியவற்றுள் ஒன்றும் இருக்க வேண்டும். வாரத்தில் இரு நாளாவது கேழ்வரகோ கம்போ சமைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாதென 2020-இல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. அவ்விதி காகிதத்தில் உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்ப மனு எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பெண்பிள்ளைகளைப் பற்றியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். கடைசியாக உண்பவளுக்குக் குழம்பின் அடிதான் மிஞ்சுகிறது. நாளை அவள் வயிற்றில் வளரும் பிள்ளை எந்த உடலோடு பிறக்கும் என்பது இன்று அவள் தட்டில் எழுதப்படுகிறது. முட்டை இரண்டு இருந்தால், முதல் முட்டை மகளுக்கு என்று வீட்டில் வழக்கமாக்குங்கள்.

நான்காவது, பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட வேண்டும். நம் குடியிருப்புகளுக்கு விளையாட்டுத் திடல் கேட்பதும் உரிமைப் போராட்டமே.

ஐந்தாவது, ஆண்டுக்கொரு முறை உயரம், எடை, இடை, குருதிச் சோதனை ஆகியவற்றை நடத்த நம் சமுதாய மருத்துவர்களும் செவிலியரும் முன்வர வேண்டும். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதியாக, அந்தச் சிறுவனைப் பற்றிக் கேட்பீர்கள். தேநீருக்கு மாற்றாகக் கூழும் வேர்க்கடலையும், வண்ணப் பானத்திற்கு மாற்றாகத் தண்ணீரும், மாலையில் பந்தாட்டமும் என்று அவன் தாய் விடாது காத்தார். ஓராண்டில் குருதிச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. கழுத்தின் கருமை குறைந்திருக்கிறது; முற்றும் நீங்கவில்லை. ஆனால் இப்போது எவரேனும் கேட்டால் அவன் தலைகுனிவதில்லை. "இது அழுக்கில்லை, இன்சுலின்" என்று விளக்கம் சொல்கிறானாம். ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் ஒரு பிள்ளையின் தலை நிமிர்கிறது. நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணியும் இதுவே.