மேளமும் மானமும்

(மேளக்காரத் தோழர்கள் கூட்டத்தில் நாம் பேசியது)



இந்த ஊர் மேளச் செட்டார் பாட்டன், தகப்பன், பேரன் என்று மூன்று தலைமுறையாக ஒரே செட்டாக வாசித்து வருகிறார்கள் என்பதற்காகக் கூட்டப்பட்ட இக்கூட்டத்தில் நம்மையும் பேசும்படி சொல்லியிருக்கிறீர்கள். நமக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இது என்ன ராகம் என்று கேட்டால் விழிப்போம். ஆகவே சங்கீதத்தைப்பற்றிப் பேச நாம் வரவில்லை. சங்கீதம் வாசிக்கிற மனிதனைப்பற்றிப் பேசவே வந்திருக்கிறோம்.

ஒரு செட்டு என்றால் என்ன? நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து ஒன்று, தாளம் ஒன்று. ஆக ஆறு பேர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தில் கடைந்த குழல் ஒருவன் கையில். பலாமரத்தைக் குடைந்து தோல் கட்டிய தவில் ஒருவன் தோளில். தவில்காரன் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடக்கையில் கழி பிடித்து, மணிக்கணக்காக அடிக்கிறான். ஒத்துக்காரனோ ஒரே சுரத்தை மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் சற்று அசந்தால் மற்ற ஐந்து பேர் வித்தையும் கெட்டது. ஆனால் நம் பாஷையில் அவன் வேலைக்கு என்ன மரியாதை தெரியுமா? சொந்தப் புத்தி இல்லாமல் பிறத்தியானுக்கு ஆமாம் போடுகிறவனை “ஒத்து ஊதுகிறான்” என்கிறோம். சுருதி தவறாமல் காக்கிறவனுடைய தொழில் நம் நாட்டில் வசவாகிவிட்டது! இப்பொழுது பல இடங்களில் அந்த ஆளுக்குப் பதிலாகச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. வசவு மாத்திரம் போகவில்லை.

தோழர்களே! கலியாணத்தில் புரோகிதரும் இருக்கிறார், மேளக்காரரும் இருக்கிறார். புரோகிதர் பலகை போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அர்த்தம் தெரியாத பாஷையில் எதையோ சொல்லுகிறார். அவர் சொன்னது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அந்தப் பந்தலில் ஆள் கிடையாது. மேளக்காரரோ தப்பாக ஊதினால் சிறுபிள்ளைகூடச் சிரிப்பான். தப்பு வந்தால் தெரிந்துவிடுகிற தொழில் எதுவோ அதுவே யோக்கியமான தொழில் என்பது நம் அபிப்பிராயம். அப்படியிருக்க, தப்பு தெரியாத தொழில்காரருக்குக் காலில் விழுந்து தட்சணை. தப்பு தெரிகிற தொழில்காரருக்குக் கடைசிப் பந்தியில் சோறு! இது எந்த ஊர் நியாயம்?

தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு என்று கேட்டால், அந்த நேரத்தில் யாராவது தும்மினால் காதில் விழாமல் இருப்பதற்கு என்று சொல்லுகிறார்கள். பத்து வருஷம் சாதகம் செய்து பழகிய கையை ஒரு தும்மலை மறைப்பதற்கு உபயோகப்படுத்துகிறார்கள் என்றால் இந்த நாட்டின் புத்திக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

நிற்க, வயிற்று விஷயத்துக்கு வருவோம். ஆடியில் கலியாணம் கூடாது, புரட்டாசியில் கூடாது, மார்கழியில் கூடாது. மற்ற மாதங்களிலும் பஞ்சாங்கக்காரர் குறித்துக்கொடுக்கும் சில நாளில்தான் கூடும். இதன் பலன் என்ன? ஒரு முகூர்த்த நாளில் நாலு வீட்டுக்காரர் வந்து இழுக்கிறார்கள். போக முடிகிறது ஒரு வீட்டுக்குத்தான். அப்புறம் பல வாரம் தவில் உறைக்குள்ளும், அடுப்பில் பூனையும் தூங்குகின்றன. நாள் நட்சத்திரம் பார்க்கிற மூடநம்பிக்கை யாருக்கு நன்மை செய்கிறதோ தெரியாது. மேளக்காரன் வயிற்றில் அடிக்கிறது என்பது நிச்சயம். அப்படியிருந்தும் இந்தப் பஞ்சாங்கத்தை முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறவர் யார் என்று பார்த்தால் நம் மேளக்காரராகவே இருக்கிறார்!

இனி மானத்தைப்பற்றி. முன்பெல்லாம் மேளக்காரர் சட்டை போடக்கூடாது. துண்டைத் தோளில் போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்தது. 1930-ஐ ஒட்டிய காலத்தில் செட்டிநாட்டில் ஒரு கலியாணத்தில், மதுரை சிவக்கொழுந்து என்ற நாதசுரக்காரர் வியர்வை துடைப்பதற்காகத் தோளில் துண்டு போட்டிருந்தார். அதை எடுக்கவேண்டும் என்று சில பெரிய மனிதர்கள் கட்டளையிட்டார்கள். எடுக்காமல் வாசியும் என்று சொல்லிக் குறுக்கே நின்றவர் நம் பட்டுக்கோட்டை அழகிரி. ஒரு முழத் துண்டுக்கு இவ்வளவு ரகளையா என்று இன்றைய வாலிபர்கள் சிரிக்கக்கூடும். ரகளை துணிக்கு அல்ல. அது எந்தத் தோளில் கிடக்கிறது என்பதற்குத்தான்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் (1898-1956) கிராப் வைத்துக்கொண்டார், சட்டை போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அதனால் அவர் குழலில் இருந்து தோடி வராமல் போய்விட்டதா? சட்டைக்கும் சுரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அவரே நிரூபித்துவிட்டார்.

இவ்வளவும் சொன்னபோது கை தட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்டமாட்டீர்கள். தட்டாவிட்டாலும் சொல்லத்தான் போகிறோம்.

தவிலிலும் தோல், பறையிலும் தோல். அதையும் மனிதன் கைதான் அடிக்கிறது. இதையும் மனிதன் கைதான் அடிக்கிறது. ஒன்றுக்கு மங்களவாத்தியம் என்று பெயர். மற்றொன்றுக்குச் சாவு மேளம் என்று பெயர். நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்த்துப் பறை அடிக்கிற தோழனுக்குத் தாளம் தெரியாதா? நம் தவில்காரர் எத்தனைபேர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? புரோகிதர் உங்களைத் தள்ளி நிறுத்தினால் அக்கிரமம் என்கிறீர்கள். நீங்கள் பறைக்காரனைத் தள்ளி நிறுத்தினால் மாத்திரம் வழக்கம் என்கிறீர்கள்.

1931-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு விதிக்கப்பட்ட பதினோரு தடைகளை ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் தங்கள் கலியாணத்தில் மேளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. யோசித்துப் பாருங்கள்! பிறத்தியார் வீட்டுச் சாவுக்குப் பறை அடித்தே தீரவேண்டும். தன் வீட்டுக் கலியாணத்துக்கு மேளம் கூடாது! அந்தத் தடை இன்று சட்டத்தில் இல்லை. ஆனால் சாவுக்கு அடிப்பது ஒரு சேரியாரின் கடமை என்ற எண்ணம் இன்னும் எத்தனையோ ஊரில் செத்துப்போகவில்லை.

“இது ஜாதித் தொழில், மற்றவருக்கு வராது” என்று சிலர் சொல்லக்கூடும். ஷேக் சின்ன மௌலானா (1924-1999) முஸ்லிம். ஆந்திர நாட்டில் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் வந்து குடியிருந்து நாதசுரத்தில் நாடறிந்த பேர் வாங்கினார். பெண்ணுக்கு மூச்சு பற்றாது என்று சொன்ன காலத்தில், சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே, மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அம்மையார் ஊதிக் காட்டினார். வித்தை ரத்தத்தில் வருமானால் விடியற்காலையில் எழுந்து சாதகம் எதற்கு? உங்கள் பிள்ளையை அடித்து உதைத்துப் பழக்குவது எதற்கு? பிறந்தவுடனே தவிலை எடுத்துக் கொடுத்துவிடலாமே!

ஆகவே நாம் உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கூலியை முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். சன்மானம் என்று கையேந்தாதீர்கள். ஒருவனை அவமதித்தால் ஆறு பேரும் சேர்ந்து எழுந்து வாருங்கள். தாளக்காரனுக்கும் வயிறு இருக்கிறது என்பதை நினைத்துப் பங்கு போடுங்கள். உங்கள் பெண்களுக்கும், கற்க வருகிற பறைக்காரத் தோழர் பிள்ளைகளுக்கும் குழலும் தவிலும் கற்றுக்கொடுங்கள். அடுத்த தலைமுறைக்கு உங்கள் செட்டு நிற்கவேண்டுமானால் அதற்கும் இதுதான் வழி. சொந்தப் பிள்ளைகள் படித்துப் பட்டணத்துக்குப் போய்விட்டால் குழலைப் பரண்மேல் போட ஜாதி வரும். எடுத்து ஊத ஜாதி வராது.

கலியாண வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. புரோகிதர் இல்லாமல் செய்யும் சுயமரியாதைக் கலியாணம் செல்லும் என்று 1967-ல் நம் மாகாணத்தில் சட்டமே வந்துவிட்டது. வைதீகத்தை விட்டுவிடுங்கள், மேளத்தை விடவேண்டாம். அது காதுக்கு இன்பம், உழைக்கிறவனுக்குக் கூலி. ஆடியிலும் கலியாணம் செய்யுங்கள். மேளக்காரரை முதற்பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, சரி என்று பட்டதைச் செய்யுங்கள். சற்றுநேரத்தில் இவர்கள் வாசிக்கப் போகிறார்கள். இவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. தோளில் துண்டும் இருக்கிறது. தாளம் போட இன்று வந்திருக்கிறவர் இந்த ஊர்ப் பறைக்காரத் தோழர் ஒருவருடைய மகன். நாம் இவ்வளவு நேரம் பேசியதைவிட அதுவே பெரிய பேச்சு. ஆகவே நாம் நிறுத்திக்கொள்ளுகிறோம், அவர்கள் ஆரம்பிக்கட்டும்.