களஞ்சியமும் சித்திரமும்

எண்கள் எத்துணை மிகுதியாகச் சேர்ந்திருப்பினும், அவற்றின் பொருள் கண்ணுக்குப் புலனாகாவிடின் பயன் சிறிதே. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற ஸ்னோஃபிளேக் நிறுவனம், இணையத்தின் வழியே அணுகத்தக்க தரவுக் களஞ்சியத்தை நடத்துகின்றது. 2003இல் தோன்றிய டாப்லோ, எண்களை வரைபடங்களாக்கிக் காட்டும் கருவியாகும். இவ்விரண்டையும் இணைத்தற்கு வழிகள் இரண்டு உள.

முதலாவது, நேரடி இணைப்பு. பார்ப்பவர் எழுப்பும் புதிய வினா களஞ்சியத்துக்கே செல்லும், விடையும் புதியதாயிருக்கும். ஆயின், களஞ்சியத்தின் கணிப்பொறி இயங்கும் நேரத்துக்கு வினாடிக் கணக்கிற் கட்டணம் உண்டு. ஒருமுறை இயங்கத் தொடங்கினால் 60 வினாடிகளுக்கேனும் செலுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, படியெடுத்து வைத்தல். படம் விரைந்து தோன்றும், செலவும் குறையும். ஆயினும், படியெடுத்த பின் நிகழ்ந்த மாற்றங்கள் அதிலே இரா.

மருந்துப் பண்டகசாலை ஒன்று, நேற்றைய இருப்பை இன்றையதென எண்ணிக் கொள்முதலைத் தாமதிக்குமாயின், அழகிய படமே நோயாளிக்குத் தீங்காய் முடியும். ஆதலால், இருப்பு விரைந்து மாறுமிடத்து நேரடி இணைப்பையும், மாத அறிக்கைக்குப் படியையும் கொள்ளுங்கள். படியாயின், அதனை எடுத்த நேரத்தைப் படத்தின் அடியிற் பொறித்து வையுங்கள். எவ்வழியாயினும், கருவிக்குப் படிக்கும் உரிமையை மாத்திரம் அளியுங்கள். திருத்தும் உரிமை களஞ்சியக் காவலரிடமே இருத்தல் நன்று.