வேர் உயிரோடிருந்தால் சொல் தளிர்க்கும்
(துருக்கி மொழியின் வினையமைப்பும் சொல்லாக்கமும் பற்றிய உரை)

 

ஒரு மொழியின் ஆற்றலை அதன் வினைச்சொல்லில் காணலாம். துருக்கி மொழியில் 'கெல்' என்பது வருதலை உணர்த்தும் முதனிலை. இறந்தகாலங் காட்டும் 'தி' சேரின் 'கெல்தி'; வந்தான், வந்தாள், வந்தது என முப்பாற்கும் அஃதொன்றே. தன்மையீறாகிய மகரம் சேரின் 'கெல்திம்', வந்தேன் என்பது பொருள். இடையே 'மெ' புகின் 'கெல்மெதிம்', வந்திலேன் என்றாகும். எதிர்மறை காட்டும் உறுப்பு தமிழில் காலங்காட்டும் உறுப்பின் பின் நிற்க, ஆங்கு அதன் முன் நிற்கும். நம் 'வா' என்பது 'வரு' எனவும் 'வ' எனவும் திரியும். அவர்தம் 'கெல்' இவ்விடங்களில் எல்லாம் திரியாது நிற்கும். ஆனால் முதனிலையின் உயிர்க்கேற்ப ஈற்றுயிர் மாறும். கொள்ளுதலைக் குறிக்கும் 'அல்' என்பதனோடு 'தி' வாராது; 'அல்து' என்றே வரும். அவ்வுகரம் நம் குற்றியலுகரத்தை ஒத்தொலிப்பது.

இனிச் சொல்லாக்கம் காண்க. 'பில்' என்பது அறிதல். அதனின்று 'பில்கி' அறிவு, 'பிலிம்' அறிவியல், 'பில்கின்' அறிஞர். கணிப்பொறிக்கும் அயற்சொல் தேடினாரல்லர். அறிந்த செய்தியை எண்ணுவது என்னும் பொருளில் 'பில்கிசயர்' என்றனர். அரபு, பாரசீகச் சொற்கள் அடர்ந்து கிடந்த மொழி அது. 1928இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்த முசுத்தபா கெமால், 1932இல் மொழிக்கெனக் கழகமும் கண்டார். அதன்பின் வேர்ச்சொற்கள் மீண்டும் தளிர்த்தன.

ஈண்டு இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. ஒட்டுநிலை அமைப்பால் இரு மொழியும் ஒத்திருத்தலின் அவை ஒருதாய் மக்கள் என முடித்தல் பிழை. கால்டுவெல் 1856இல் சித்திய உறவு கூறினார். இற்றை மொழியறிஞர் அதனை ஏற்பதில்லை. அமைப்பொப்புமை வேறு, பிறப்புறவு வேறு. மற்றொன்று: 1927இல் கெமால் ஆறு நாள் நிகழ்த்திய பேருரையைப் பின்வந்த தலைமுறையினர்க்கு அவர்தம் துருக்கியிலேயே மீண்டும் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று. புதுச்சொல் படைத்தோர் பழநூல் படிக்கும் பயிற்சியையும் உடன் வளர்த்திருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது.

ஆகவே, சொல்லாக்குவோர் மக்கள் நாவில் வாழும் வேரைப் பற்றுக. ஈறுகளின் இயல்பறிந்து கூட்டுக. முன்னோர் நூலையும் கைவிடாதிருக்க. அவ்வாறு பிறந்த சொல்லே வாழும். ஏனையவை ஏட்டில் உறங்கும்.