நடவாத புரட்சியும் நடந்த உடன்படிக்கையும்



பாண்டியன் கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. 'இருந்தால்' என்னும் சொல் இலக்கியத்துக்குப் புதிதன்று. வரலாற்றிலும் அதனை வைத்துப் பார்ப்பதற்குத் தமிழருக்கு மிக அண்மையில் ஓர் இடம் உண்டு. அது 1971ஆம் ஆண்டின் இலங்கை.

அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ரோகண விஜேவீர நிறுவிய மக்கள் விடுதலை முன்னணி, அதாவது ஜனதா விமுக்தி பெரமுன, தென்னிலங்கையின் காவல் நிலையங்கள் பலவற்றைத் தாக்கியது. மார்க்சியம் கற்ற சிங்கள இளைஞர்கள் ஆட்சியைக் கைப்பற்ற முனைந்தனர். விஜேவீரவோ அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசுக்கு இந்தியா கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் அனுப்பிற்று. சோவியத் நாடும் உதவிற்று; சீனமும் அரசின் பக்கமே நின்றது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டனர்.

அக்கிளர்ச்சி வென்றிருந்தால்? கச்சத்தீவை எண்ணுவோர்க்கு முதலில் ஓர் ஆறுதல் தோன்றும். 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவு, 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் இலங்கையின் எல்லைக்குள் சென்றது. சிறிமாவோவின் ஆட்சி 1971இலேயே வீழ்ந்திருந்தால் அவ்வுடன்படிக்கை நிகழ்ந்திராது. தீராத வழக்காகவேனும் தீவு எஞ்சியிருக்கும்.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் அது பாதிக் கற்பனையே. முன்னணி தன் தொண்டர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளரை அது அவ்விஸ்தரிப்பின் கருவியாகக் கண்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டிருந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஜனவரியில்தான் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இம்மக்களை ஐயுற்ற ஓர் ஆட்சி அமைந்திருந்தால், இலங்கைக்கென ஒதுக்கப்பட்டோரின் குடியுரிமை என்னவாகியிருக்கும்? தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்த கப்பல்களில் இன்னும் எத்தனை குடும்பங்கள் ஏற்றப்பட்டிருக்கும்?

முதலில் தோன்றிய ஆறுதலும் நிலைக்கவில்லை. அம்முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளராக நின்று 2024 செப்டம்பரில் அதிபரானார். துப்பாக்கியால் எய்தாததை வாக்குச்சீட்டு அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலும் அவ்வணியே முதலிடம் பெற்றது. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் கச்சத்தீவுக்கே சென்றார். நாட்டின் கடலையும் தீவுகளையும் காப்பதாக உறுதி கூறினார். ஆட்சியின் நிறம் மாறியது, எல்லைக்கோடு மாறவில்லை.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து பார்த்தால் மலை தெரியும், கடல் தெரியாது. கடலை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்குத் தீவென்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளியைப் பாடுதல் எளிது. ஆனால் 1974இன் இரு உடன்படிக்கைகளிலும், இராமேசுவரத்து மீனவரையோ யாழ்ப்பாணத்து மீனவரையோ மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்ணையோ அழைத்து எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஆதலின், 'இருந்தால்' என்று எழுதப் புகும் கவிஞர், கொடி மாறியிருந்தால் என்பதோடு நின்றுவிடலாகாது. இவர்களைக் கேட்டிருந்தால் என்றும் வினவுதல் வேண்டும். பாண்டியன் கேளாது விட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான்.