உண்டது பகையானால்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் வடிவம்)



சென்ற மாதம் இம்மேடையில் நின்றவர் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளைப் பற்றிப் பேசினார். இம்மாதம் நாம் கஜுவையும் கத்தரிக்காயையும் பற்றிப் பேச வந்து நிற்கின்றோம். இந்த இறக்கத்தைப் பொறுத்தருள வேண்டும். நாம் டொக்டரல்லோம். வெள்ளவத்தையிலே மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்று, இப்போது களுபோவிலவில் ஓய்வாக இருக்கும் ஒரு மருந்தாளர். டொக்டர்மார் எழுதியதை வாசித்துக் கொடுத்ததும், நோயாளர் சொன்னதைக் கேட்டதுமே நமது கல்வி. அதற்கு மேலே நமது வீட்டிலேயே ஒரு நோய் வந்து பாடம் கற்பித்தது. அதிலிருந்தே தொடங்குகின்றோம்.

எமது தங்கையின் மகன் பிறந்து நாலாம் மாதத்தில், உடம்பெங்கும் கபில நிறப் புள்ளிகள் தோன்றின. குளிக்க வார்த்தால், துவாயால் துடைத்தால், அப்புள்ளிகள் சிவந்து தடித்து எழும்பும். பிள்ளை வீரிட்டு அழும். கிரந்தி என்றார் பாட்டியார். கிரந்தியெண்ணெய் வந்தது. கண்ணூறு என்றார் அயல்வீட்டார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலே போட்டாயிற்று. ஒரு தனியார் வைத்தியசாலையிலே சொறி என்று பூச்சுமருந்து கொடுத்தார்கள். பின்னர் பிள்ளை சோறு தின்னத் தொடங்கியதும் விலக்குப் பட்டியல் வளர்ந்தது: கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு, முட்டை, அன்னாசி, பயறு. வந்த விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு பண்டத்தை நீக்கிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வயதிலே அப்பிள்ளை சோறும் பூசணிக்காயும் தின்று, ஈர்க்குப் போல இருந்தான். புள்ளிகள் மட்டும் குறையவில்லை.

கடைசியிலே ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் காட்டினோம். அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. பேனாவின் மொட்டை முனையால் ஒரு புள்ளியின் மேல் நாலைந்து தரம் தேய்த்தார்; பிறகு சற்று நேரம் சும்மா இருந்தார். தேய்த்த புள்ளி நுளம்பு கடித்தது போல வீங்கி எழும்பியது. பக்கத்துத் தோல் அப்படியே இருந்தது. “இது தோலிலே மாஸ்ற் கலங்கள் மிகுதியாகக் கூடியிருக்கும் நோய், சாப்பாடு காரணமன்று,” என்றார். மூன்று வருஷம் நாம் தேடியதை ஒரு பேனா முனை காட்டிவிட்டது. இச்சோதனைக்கு டாரியே என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயர். நோயையோ 1869-ம் ஆண்டிலேயே இங்கிலாந்து வைத்தியர் எழுதி வைத்திருக்கின்றனர்.

மாஸ்ற் கலம் என்பது யாது? 1878-ல் போல் ஏர்லிக் என்னும் ஜேர்மானிய மாணவர், சாயங்களால் உடற்கலங்களை நிறமூட்டிப் பார்க்கையில், வயிறு நிறைய மணிகளை அடைத்து வைத்திருந்த ஒருவகைக் கலத்தைக் கண்டார். நன்றாக உண்டு கொழுத்தது என்றெண்ணி, ஜேர்மன் மொழியிலே தீனியைக் குறிக்கும் சொல்லால் பெயரிட்டார். அது தீனியன்று, வெடிமருந்து என்பது பின்னரே தெரிந்தது. தோலிலும், மூச்சுக்குழாயிலும், குடலிலும், இரத்தக் குழாய்களின் ஓரத்திலும் இக்கலங்கள் காவற்காரர் போல நிற்கின்றன. கிருமியோ விஷமோ புகுந்தால் மணிகள் வெடித்து ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்கள் கொட்டும். தோல் தடிக்கும், மூக்கு ஓடும், குடல் முறுகும். அளவோடு நடந்தால் அது காவல். ஆளைத் தெரியாமல் வீட்டுக்காரனையே அடித்தால் அது ஒவ்வாமை, அலேர்ஜி.

இவ்விடத்திலே ஒரு கதையைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. கியூஸ்ற்னர் என்ற வைத்தியருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. 1921-ல் அவருடைய இரத்த நீரிலே சிறிதெடுத்து, பிரவுஸ்னிற்ஸ் என்ற நண்பர் தமது தோலிலே ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதேயிடத்தில் மீன் சாரத்தை ஏற்றினார். மீன் தின்று ஒருநாளும் துன்பப்படாத அந்த மனிதரின் தோல் தடித்தெழும்பியது. பகை இரத்தத்திலே ஓடும் ஏதோ ஒரு பொருள் என்பது அதனாலே நிச்சயமாயிற்று. அப்பொருளைப் பிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருஷம் சென்றது. இஷிசாக்கா என்னும் யப்பானியத் தம்பதியர் 1966-ல் கண்டனர், சுவீடன் நாட்டாரும் தனியே கண்டனர், 1968-ல் ஐ.ஜி.ஈ. என்று பெயர் நிலைத்தது. மாஸ்ற் கலத்தின் மேலே ஒட்டிக்கொண்டு, குறித்த பண்டம் வரும்வரை காத்திருப்பது அதுவே.

ஆகவே இரண்டு நோய்களைப் பிரித்தறிதல் வேண்டும். உணவு ஒவ்வாமையிலே குறித்த பண்டம் எதிரி. அதை விலக்கினால் அமைதி. மாஸ்ற் கலக் கோளாற்றிலே கலங்களே மிகையாயிருக்கும். அல்லது எண்ணிக்கை சரியாயிருந்தும் தொட்டதற்கெல்லாம் வெடிக்கும். அவர்களுக்குச் சூடு, உராய்வு, குளவிக் கொட்டு, அஸ்பிரின் இனத்து நோவுக் குளிசை, மோர்பின், மதுபானம், மனக்கொதிப்பு யாவும் தூண்டுகோலாகலாம். எமது மருமகனுக்கு வேண்டியிருந்தது கத்தரிக்காய் விலக்கன்று. இளஞ்சூட்டு நீரும், துவாயால் ஒற்றித் துடைத்தலுமே. பிள்ளைப் பருவத்திலே வரும் இந்நோய் பெரும்பாலும் வளர வளரத் தணியும். அவனுக்கும் தணிந்தது. வளர்ந்தோருக்கு வந்தால் எலும்பு மச்சை வரைக்கும் சோதிக்க நேரிடும். அங்கே ‘கிற்’ என்னும் மரபணுவிலே ஏற்பட்ட ஒரு மாற்றத்தைத் தேடுவார்கள்.

கத்தரிக்காயைப் பற்றி நீதியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாட்டியார் சொன்னது முழுப் பொய்யன்று. கத்தரிக்காயிலே ஹிஸ்டமின் சிறிது உண்டு. சிலருக்கு வாய் அரிக்கும். மைசூரிலே ஆராய்ச்சியாளர் பல நூறு பேரைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவின்படி, உண்மையான கத்தரிக்காய் ஒவ்வாமை உடையோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆயினும் கரப்பன் பண்டம் என்று அதை ஒதுக்கிய வீடுகள் எத்தனை!

மீனைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகின்றோம். சைவ போசனக்காரர் சற்றே செவியை மூடிக்கொள்ளலாம். சூரை, கும்பளா முதலிய மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலிலே வைத்தால், பற்றீரியாக்கள் அதன் தசையிலே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கறி எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளாது என்று ஆயுள் முழுதும் விலக்குவார்கள். உண்மையிலே அது பழுதான மீனின் நஞ்சு. ஒரே சட்டியிலே தின்ற பலருக்கு ஒருங்கே வந்தால், நஞ்சென்றே முதலில் ஐயுற வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய சில வழக்குகளும் உண்டு. மேனாட்டுப் புத்தகங்கள் கச்சானைப் பற்றியே பேசும். இங்கேயோ தேங்காய் ஒவ்வாத பிள்ளைகளும் இருக்கின்றனர். சொதியும் சம்பலும் பால்கறியும் இன்றி ஒரு தாய் என்னதான் சமைப்பாள்? மாட்டிறைச்சி ஒவ்வாமையும் இலங்கை வைத்தியர் கவனித்து எழுதிய ஒன்று. அதனால் நமக்கென்ன என்று இங்கே பலர் நினைக்கக்கூடும். பொறளை வைத்திய ஆராய்ச்சி நிலையத்து டொக்டர் ராஜீவ டி சில்வாவும் அவர் குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். தடுப்பூசி போட்டதும் ஒவ்வாமை கண்ட பிள்ளைகளைச் சோதித்தபோது, மாட்டின் இரத்த நீரிலுள்ள அல்புமின் என்ற புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ. அவர்களிடம் காணப்பட்டது. சில தடுப்பூசிகளை ஆக்கும்போது அப்புரதம் மிகச் சிறிதளவு தங்கிவிடும். இதைக் கேட்டுத் தடுப்பூசியை மறுத்துவிடாதீர்கள். மறுப்பதால் வரும் ஆபத்துப் பெரிது. பிள்ளைக்கு இறைச்சியோ பாலோ ஒவ்வாதென்றால் ஊசி போடுமுன் சொல்லுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

நோயை அறியும் வழி யாது? முதலாவது ஒரு கொப்பி. என்ன தின்றோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்திலே என்ன வந்தது, அன்று என்ன குளிசை போட்டோம் என்று எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பின்பு முன்கையிலே சாரத்தின் துளியை வைத்து ஊசியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள், இரத்தத்திலும் ஐ.ஜி.ஈ. பார்ப்பார்கள். சோதனை தடித்தது என்பதனாலேயே நோய் உண்டு என்றாகிவிடாது. தின்றால் துன்பம் வருகிறதா என்பதே தீர்ப்பு. ஐயமிருந்தால் ஆஸ்பத்திரியிலே வைத்து, சிறிது சிறிதாகத் தின்னக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. வீட்டிலே அதைச் செய்து பார்க்கக் கூடாது. மாஸ்ற் கலக் கோளாற்றுக்கு ரிப்ரேஸ் என்னும் இரத்தச் சோதனை உண்டு. துன்பம் தொடங்கி ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் ஒருமுறையும், எல்லாம் அடங்கி ஒருநாள் கழிந்தபின் ஒருமுறையும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஆறுதலாக அடுத்த கிழமை போய் ஒருமுறை எடுத்தால் வெடித்ததன் தடயம் அகப்படாது.

இனி, இப்பேச்சுக்கு நாம் இசைந்ததன் காரணத்துக்கு வருகின்றோம். 2018-ம் ஆண்டு நவராத்திரி. எமது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. கஜு தின்றால் உதடு தடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கொலுவிலே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். “கஜு இருக்கிறதா அன்ரி?” என்று கேட்டாள். “மேலே நாலு துண்டுதான் பிள்ளை, எடுத்துப்போட்டுச் சாப்பிடு, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது,” என்றார் அந்த அம்மையார், அன்போடு. எடுத்துப்போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். பத்து நிமிஷத்திலே வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மிவிட்டது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கிலே பிரிட்டோன் குளிசை ஒன்று கொடுத்து, தடிப்புக் குறைந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்தின் பின் தாயார் எமது கேற்றிலே வந்து தட்டினார். நாம் போய்ப் பார்த்தபோது பிள்ளை கதிரையிலே இருத்தப்பட்டிருந்தாள், உதடு நீலம். முகத்திலே தண்ணீர் தெளித்துக் கோப்பி பருக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோவிலே கால்நீட்டிக் கிடத்திக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தொடையிலே அட்ரினலின் ஊசி ஏற்றினார்கள். ஐந்து நிமிஷத்திலே அவள் கண்ணைத் திறந்து, “அம்மா எங்கே?” என்றாள். அன்றிரவு முழுவதும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

ஆயிரக்கணக்கிலே பிரிட்டோன் விற்ற கை இது, அதனாலே சொல்லுகின்றோம். அக்குளிசை அரிப்பைத் தணிக்கும்; அடைபடும் தொண்டையைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின் ஒன்றே. வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் நடுவே வெளிப்புறத் தசையிலே. அடங்காவிட்டால் ஐந்து நிமிஷத்திலே இன்னொன்று. மூச்சுத் திணறுதல், குரல் மாறுதல், மயக்கம், தடிப்போடு வாந்தி சேர்தல், இவற்றைக் கண்டால் ஆளைக் கிடத்திக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மாத்திரம் சாய்த்து இருத்தலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். எழுந்து நின்ற கணத்திலே மாண்டவர்கள் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016 தொடக்கம் இலவசமாக நடக்கும் சேவை அது. மேனாட்டார் பேனா வடிவிலே ஊசியைப் பையில் வைத்திருக்கின்றனர். இங்கே அதற்கு விலை பெரிது, எல்லாக் கடையிலும் கிடைப்பதுமில்லை. ஆகவே மருந்துக் குப்பியும் சிறிஞ்சும் வைத்திருக்கச் சிலருக்கு டொக்டர்மார் பழக்கிவிடுகின்றனர்.

ஒவ்வாமை உள்ளவர் படும் பெருந்துன்பம் ஊசியன்று, ஊராருக்கு விளங்கப்படுத்துவதே. பந்தியிலே “ஒருக்கால் தின்றால் ஒன்றும் வராது,” என்பார்கள். பெண் பார்க்க வருவோருக்குச் சொல்லாதே என்று தாயாரே வாயை மூடுவார். அப்பெண்ணுக்கும் அது நேர்ந்தது. பிரசாதத்தைக் கையிலே வாங்கிக் கண்ணிலே ஒற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் ஆண்டவன் கோபிப்பான் என்று எந்தச் சாத்திரத்திலும் நாம் கண்டதில்லை.

குழந்தைகளுக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் விலக்கி வைப்பது காப்பு என்று முன்னர் எண்ணினர். 2015-ல் இலண்டனிலே 640 கைக்குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு அதை மாற்றிற்று. கச்சானை இளமையிலேயே உண்ணப் பழகியவர்களுக்கே ஒவ்வாமை மிகக் குறைவாக வந்தது. கடுமையான சொறி உள்ள குழந்தையாயின் முதலில் டொக்டரைக் கேட்டு, கச்சானை முழுதாகவன்றிக் களியாகக் கொடுக்க வேண்டும்.

செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒரேயொரு விண்ணப்பம். நமது சங்கத்து அன்னதானத்திலே கறிகளின் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, எதிலே கஜு, எதிலே கச்சான், எதிலே பால், எதிலே எள்ளு என்று சோக்கட்டியால் எழுதிவிடுங்கள். பரிமாறும் கரண்டியை ஒரு சட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள். பலகை வாங்கும் செலவு எம்முடையது. எழுதுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.