பட்டியலும் புத்தகமும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ ஏதாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று சிலர் வந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். இன்று பேசப்போவது கணினி மென்பொருளைப் பொதியாகக் கட்டும் வேலையைப் பற்றி. அதிலும், பொதியைச் சோதிக்கும் கருவி ஒன்று சொல்ல, எழுதி வைத்த விதி வேறொன்று சொல்லும் சங்கடத்தைப் பற்றி. 'நாங்கள்' என்று பன்மையில் பேசுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் வைத்தியசாலையில் இந்த வேலையை மூவர் சேர்ந்து செய்தோம். அவர்களில் இருவர் இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்த வைத்தியர்கள். மூன்றாமவர் எங்கள் கணினிப் பிரிவுத் தம்பி. செய்த பிழையும் மூவருக்கும் பொதுவானது.

முதலில் ஒரு பழைய கதை. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், நாங்கள் இருவரும் மாணவ தலைவியராக வாசலில் நின்றோம். கையில் ஒரு பட்டியல் இருந்தது: வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காலுறை, கறுப்பு ரிபன், கழுத்துப்பட்டி. பட்டியலில் உள்ளது இல்லையென்றால் பெயரை எழுதி ஒரு பக்கமாக நிறுத்திவிடுவோம். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று செருப்போடு வந்தது. நிறுத்திவிட்டோம். முதலாம் பாடம் முடியும்வரை அந்தப் பிள்ளை மாமரத்தடியில் நின்றது. அந்த வழியால் வந்த ஆசிரியை ஒருவர் எங்களைத் திட்டவில்லை. அலுவலகத்துக்குப் போய் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து, சீருடைப் பகுதியின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். சப்பாத்து வாங்க இயலாதவர்கள் பெற்றாரின் கடிதத்துடன் செருப்பு அணிந்து வரலாம் என்று அதில் இருந்தது. பிள்ளையின் பையில் கடிதமும் இருந்தது. நாங்கள் கேட்கவேயில்லை. பட்டியலில் 'கடிதம்' என்று ஒரு கட்டம் இல்லையே!

இனி மென்பொருளுக்கு வருவோம்.

டெபியன் என்பது உலகெங்கும் தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு கணினி இயக்க முறைமை. 1993 ஓகஸ்டில் இயன் மர்டொக் என்பவர் அதைத் தொடக்கினார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகவே வரும். மருந்துப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாத்திரை மட்டும் இருந்தால் போதாது. பெயர், அளவு, தயாரித்தவர், எந்த மருந்தோடு சேரக்கூடாது, பாவிக்கும் முறை சொல்லும் துண்டு எல்லாம் இருக்க வேண்டும். பொதியும் அப்படித்தான். எந்தக் கோப்பு எங்கே போகும், வேறு எந்தப் பொதி கூட வேண்டும், உரிமம் என்ன, கையேட்டுப் பக்கம் எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை எழுதி வைத்திருப்பது டெபியன் கொள்கை நூல். அதில் மூன்று சொற்களைக் கவனித்து வாசிக்க வேண்டும்: கட்டாயம், வேண்டும், செய்யலாம். கட்டாயத்தை மீறிய பொதி வெளியீட்டுக்குத் தகுதியற்றது. 'வேண்டும்' என்பதை மீறினால் அது குறைதான்; ஆனால் அதற்காக மட்டும் பொதியை வெளியே தள்ளிவிட மாட்டார்கள்.

ஆயிரக்கணக்கான பொதிகளை ஆட்கள் இருந்து வரிவரியாகப் பார்க்க முடியாது. ஆகவே 1998இல் லின்டியன் என்ற சோதனைக் கருவி வந்தது. பெயரின் முதற்பாதி 'லின்ட்' என்பதிலிருந்து வந்தது. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் எழுதிய, நிரலில் ஒட்டியிருக்கும் தும்பு தூசியைக் காட்டிக்கொடுக்கும் கருவியின் பெயர் அது. (எங்களுக்கு லின்ட் என்றால் புண்ணுக்குக் கட்டும் துணிதான் முதலில் ஞாபகம் வரும்.) லின்டியனைத் தொடக்கிய இருவரில் ஒருவர் கிறிஸ்டியன் சுவார்ஸ். கொள்கை நூலின் பழைய பதிப்புகளில் இயன் ஜாக்சனின் பெயரோடு இருப்பதும் அவருடைய பெயரே. விதி எழுதிய கையே கருவியையும் எழுதத் தொடங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

ஏன் ஒத்துப்போவதில்லை? மனிதருக்கு எழுதிய வசனத்தைக் கருவிக்கு அப்படியே கொடுக்க முடியாது என்பதுதான் முதற் காரணம். ஓர் உதாரணம் பாருங்கள். பொதுவாகப் பாவிக்கும் நிரல் நூலகம் ஒன்றின் பிரதியை ஒவ்வொரு பொதியும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கக் கூடாது, முறைமையில் உள்ள பொது நூலகத்தையே பாவிக்க வேண்டும் என்கிறது கொள்கை நூல். காரணம் நியாயமானது. 2005இல் சீலிப் என்ற சுருக்கல் நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டபோது, பொது நூலகத்தைத் திருத்துவது மட்டும் போதவில்லை. எந்தெந்தப் பொதிக்குள் அதன் பிரதி ஒளிந்திருக்கிறது என்றும் தேட வேண்டியிருந்தது. ஒரு தொகுதி மருந்து பழுது என்று மீளப்பெறும்போது, யாரோ அதை வேறு போத்தலில் ஊற்றி வேறு பெயர் ஒட்டி வைத்திருந்தால் எங்கள் மருந்தாளர் என்ன பாடுபடுவார்! ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது: அப்படிப் பிரதியெடுத்துப் பாவிப்பதற்கென்றே எழுதப்பட்ட நூலகமாக இருந்தால் சரி. 'அதற்கென்றே எழுதப்பட்டது' என்பது நோக்கம். நோக்கத்தைக் கருவி எப்படிப் பார்க்கும்? அந்த நூலகத்துக்குரிய சில எழுத்துத் தொடர்கள் கோப்புக்குள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். இருந்தால் பிழை என்று கத்தும். கொள்கை நூல் 'வேண்டும்' என்ற மட்டத்தில் சொன்னதைக் கருவி தன் உச்சக் குரலில் சொல்வதும் உண்டு.

வாட்டில் இது எங்களுக்குப் பழக்கமான விடயம். வளரும் பிள்ளையின் இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பற்றேஸ் வளர்ந்தவரின் அளவைவிட அதிகமாகத்தான் இருக்கும், எலும்பு வளர்கிறது. இயந்திரத்தில் வளர்ந்தோரின் எல்லை பதிந்திருந்தால் பக்கத்தில் 'உயர்வு' என்று அடித்துத் தரும். அந்தக் குறியைக் கண்டு பிள்ளைக்கு ஈரல் நோய் என்று தாயைப் பயப்படுத்துபவர் வைத்தியரல்லர்.

இரண்டாவது காரணம் காலம். கொள்கை நூல் திருத்தப்படும். கருவி பின்னால் ஓடும், சிலவேளை முன்னாலும் ஓடும். 2017இல் பொதிகளின் முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றைக் கொள்கை நூல் கைவிட்டது. முதல்நாள் வரை சரியாக இருந்த சொல் மறுநாள் பழசு. மூன்றாவது காரணம், கருவியை எழுதுபவர்களுக்கும் நல்ல பழக்கம் எது என்று சொந்த அபிப்பிராயம் உண்டு. லின்டியன் எழுத்துப்பிழைகூடப் பார்க்கும். கொள்கை நூலில் அப்படி ஒரு விதி இல்லை. நச்சரிப்புக்காரருக்கென்றே ஒரு தனி மட்டமும் வைத்திருக்கிறார்கள். கேட்டால் மட்டும் அது வாய் திறக்கும். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது.

கருவி ஆலோசகராக மட்டும் இருந்தால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம். 2009இல் அதை வாசலில் நிறுத்தினார்கள். குறிப்பிட்ட சில குறைகளை லின்டியன் கண்டால் டெபியனின் களஞ்சியம் பொதியைத் தானாகவே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அப்போதே இரண்டு பட்டியல் வைத்தார்கள். ஒன்றில் உள்ளவற்றுக்கு மறுபேச்சு இல்லை. மற்றதில் உள்ளவற்றைப் பொதி கட்டுபவர் 'தெரிந்துதான் செய்தேன்' என்று விலக்குக் கோப்பில் எழுதி மேற்கொண்டு போகலாம். விலக்கு வரிக்கு மேலே காரணத்தையும் குறிப்பது நல்ல வழக்கம். எங்கள் மாமரத்தடிப் பிள்ளையின் பையிலிருந்த கடிதம் மாதிரி. பெடோறா என்ற இன்னொரு முறைமையிலும் புதிய பொதியை ஆராயும்போது ஆர்பிஎம்லின்ட் என்ற கருவியை ஓட்டி, அது சொல்வதை எல்லோரும் பார்க்க வைத்து, எதைத் திருத்தினோம் எதை ஏன் விட்டோம் என்று பேசுவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவி கத்தி, புத்தகம் அமைதியாக இருந்த கதைகள். எங்களுக்கு நடந்தது மறுபக்கம்.

எங்கள் வைத்தியசாலைக் கணினிகள் சிலவற்றில் டெபியன் ஓடுகிறது. சிறுபிள்ளைகளுக்கு நாளத்தினூடாக ஏற்றும் திரவத்தின் அளவைக் கணிக்க ஒரு சிறு நிரல் எழுதினோம். முதல் 10 கிலோவுக்கு மணிக்குக் கிலோவொன்றுக்கு 4 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 2, அதற்கு மேல் 1 என்று எல்லா வைத்திய மாணவரும் பாடமாக்கும் கணக்குத்தான். 14 கிலோப் பிள்ளைக்கு மணிக்கு 48. இரவு இரண்டு மணிக்குக் களைத்த மூளை பிழை விடக்கூடாது என்பதே நோக்கம். தம்பி அதை முறையாகப் பொதியாகக் கட்டி லின்டியனை ஓட்டினார். நிரலுக்குக் கையேட்டுப் பக்கம் இல்லை என்று எச்சரித்தது. கொள்கை நூலும் ஒவ்வொரு நிரலுக்கும் கையேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. இங்கே இரண்டும் ஒரே பக்கம்.

எங்களுக்கு அவசரம். தலைப்பை ஒழுங்காக எழுதி, நிரலின் பெயரைப் போட்டு, 'விளக்கம் பின்னர் சேர்க்கப்படும்' என்று ஒரு வரி எழுதினோம். லின்டியன் வாய் மூடிக்கொண்டது. திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். அந்த வரி பல மாதங்கள் அப்படியே கிடந்தது.

ஓர் இரவு, வயிற்றோட்டத்தோடு நன்றாக நீர் வற்றிய பிள்ளை ஒன்று வாட்டுக்கு வந்தது. கடமையில் இருந்த பயிற்சி வைத்தியை நிரலில் நிறையைக் கொடுத்தார். எண் வந்தது. இழந்த நீரையும் சேர்த்த அளவா, அன்றாடத் தேவை மட்டுமா என்று அவருக்குச் சந்தேகம். சரியான கேள்வி. அவர் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தார். விளக்கம் பின்னர் சேர்க்கப்படும் என்று இருந்தது. அந்தப் பிள்ளை மெத்தக் கெட்டிக்காரி. ஊகிக்காமல் எங்களில் ஒருவரை நித்திரையால் எழுப்பினார். அன்றாடத் தேவை மட்டும்தான், இழப்பை வேறாகக் கணித்துச் சேர்க்க வேண்டும் என்று சொன்னோம். சிறுபிள்ளை மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது. அவர் கூச்சப்பட்டு, பெரிய டொக்டரை இந்த நேரத்தில் எழுப்புவதா என்று நினைத்திருந்தால்? அன்று விடியும்வரை எங்களுக்கு நித்திரை வரவில்லை.

பிறகுதான் கொள்கை நூலின் அந்தப் பகுதியை முழுதாக வாசித்தோம். கையேட்டுப் பக்கம் இல்லாதது குறையாகப் பதியப்பட்டிருந்தால், ஒழுங்கான பக்கம் ஒன்று வரும்வரை அந்தப் பதிவை மூடாதே என்று எழுதியிருக்கிறார்கள். எங்களைப்போல ஆட்கள் வருவார்கள் என்று முன்னமே தெரிந்திருக்கிறது! டெபியனே இந்தக் கிணற்றில் ஒருமுறை விழுந்து எழும்பியிருக்கிறது. ஒரு காலத்தில், கையேடு இல்லாத நிரலின் பெயரை 'இதற்கு ஆவணம் இல்லை' என்று சொல்லும் ஒரு பொதுப் பக்கத்தோடு இணைத்துவிடக் கொள்கை நூலே வழிவிட்டிருந்தது. தேடி வருபவருக்கு ஒரு பக்கம் கிடைக்கும், பயன் கிடைக்காது. பின்னர் அந்த வழியை நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அத்தகைய இணைப்புகளை லின்டியனும் குறையாகச் சுட்டத் தொடங்கியது. புத்தகம் திருந்தியது, கருவியும் திருந்தியது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை யாரோ குறையாகப் பதிந்து, அதைப் பலர் பேசித்தான் இது நடக்கும். கருவி பிழையென்றால் கருவிமீது பதிவு, வசனம் பிழையென்றால் கொள்கை நூல்மீது பதிவு. அந்த நூலும் ஒரு பொதிதான். அதற்கும் குறைப்பதிவு உண்டு. எங்கள் நாட்டுச் சுற்றறிக்கைகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நல்லது.

கருவியின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. பக்கம் இருக்கிறதா என்று கேட்டது, இருந்தது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள். இப்போது பொதி கட்டி முடிந்ததும், அதில் வேலை செய்யாத ஒருவர், பெரும்பாலும் ஒரு தாதி, கையேட்டை மட்டும் பார்த்து நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். லின்டியனையும் ஓட்டுகிறோம். அது சொல்வதை ஏற்காத இடத்தில், கொள்கை நூலின் எந்தப் பகுதியை வைத்து ஏற்கவில்லை என்று விலக்குக் கோப்பில் எழுதிப் பெயரும் திகதியும் போடுகிறோம். நோயாளியின் கட்டில் தலைப்புச் சீட்டில் எழுதுவது போலவேதான். இதுவரை அப்படி இரண்டே இரண்டு வரிகள். மூன்றாவதாக ஒன்றை எழுதப் போய், புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தபோது கருவி சொன்னதே சரியென்று கண்டு அழித்துவிட்டோம்.

திரவக் கணிப்பு நிரலின் கையேட்டுப் பக்கம் இப்போது ஆங்கிலத்தில் முழுதாக இருக்கிறது. இழந்த நீர் இதில் சேராது என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் அதை எழுத வேண்டும். தமிழ்ப் பக்கத்தைத் தொடங்கிவிட்டோம். சில இடங்களில் நல்ல சொல் அகப்படவில்லை. இங்கே தமிழாசிரியைகள் இருக்கிறீர்கள், மென்பொருள் வேலையில் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்த தங்கைமாரும் இருக்கிறீர்கள். அச்சடித்த பிரதிகள் சில கொண்டுவந்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் பின்வாசல் மேசையில் இருப்போம். சிவப்புப் பேனையோடு வாருங்கள்.