மலை ஏற வேண்டிய கருவிகள்



மாற்றுத்திறன் மாணவர்க்கு உதவிக் கருவி என்றவுடன், சக்கர நாற்காலியை வாங்கி மேடையில் வழங்குவதே நம் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையை எண்ணிப் பாருங்கள். சமதளத் தாழ்வாரத்துக்கெனச் செய்த நாற்காலி, மேடு பள்ளமான மலைப்பாதையில் நான்கடி நகருமா?

1968-இல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் கால், வெறுங்காலுடன் நடக்கவும், சம்மணமிட்டு அமரவும், வயலில் இறங்கவும் இடங்கொடுத்தது. மக்களின் வாழ்வைப் பார்த்துக் கருவி செய்தார்கள். அதனை இலவசமாக வழங்கிவரும் அமைப்பு 1975-இல் பகவான் மகாவீரர் பெயரால் தொடங்கப்பெற்றதை நம்மவர் பலர் அறிவர்.

ஆகவே, கருவியைத் தேடுமுன் குழந்தையின் தேவையை அளந்தறிய வேண்டும். செவித்துணைக் கருவியின் காது அச்சு, குழந்தை வளர வளர மாற்றப்பட வேண்டியது. மின்கலம் தீர்ந்தால் கருவி பெட்டிக்குள் போய்விடும். சற்றே பார்வையுள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் சாய்மேசையும் முன்வரிசை இடமுமே போதுமானதாகலாம். பார்வையற்றோர்க்கு, ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. இணையம் எட்டாத ஊரிலும் தமிழைப் படித்துக் காட்டும். குரல் சற்றே கரடுமுரடானதுதான், காது பழகிவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய மாணவர்க்கு 18 வயது வரை நூல்களும் தக்க கருவிகளும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்கிறது. எனவே பெற்றோர் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. தலைமையாசிரியர் வழியே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம்.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. சான்றுக்கும் அளவெடுப்புக்கும் நாமக்கல் வரை செல்ல நேர்ந்தால், காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏற வேண்டும். நடக்கவியலாத பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தாய்க்கு அன்றைய கூலியும் இல்லை. ஒருமுறை சென்று முடியும் வேலையுமன்று. பொருத்திப் பார்க்க மீண்டும் செல்ல வேண்டும், பழுதானால் மறுபடியும்.

செம்மேட்டிலேயே முகாம்கள் நடத்துமாறு அதிகாரிகளை வேண்டுவோம். அதுவரை வண்டிச் செலவையும், இழந்த கூலியையும், மின்கலம், பழுதுபார்ப்புச் செலவையும் நாம் ஏற்கலாம். நாற்காலிகளுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இவ்வாண்டு இதற்கு மாற்ற இயலுமா என்று அறங்காவலர்களைக் கேட்டு அமர்கிறேன்.